மதகு எண் முப்பத்தொன்று

லொரெய்ன் கச்மாரெக் இன்று இரவோடு ஓய்வு பெறுகிறார்.
பாராட்டுத் தீர்மானத்தைத் தட்டச்சு செய்கிறேன்.
வான்ஹெக் கவுண்டி மன்றத்தில்
பதினேழு வருடமாகக் குறிப்பெழுதுபவன் நான்.
‘என்பதாலும்’ என்று முடியும் வரி எத்தனை வேண்டும் என்று
தலைவரைக் கேட்டேன்.
ஐந்து போதும், கேக் காய்ந்துவிடும் என்றார்.

ஆறாவது வட்டத்துக்காகத்
தொடர்ந்து இருபத்தெட்டு ஆண்டுகள் உழைத்தார் என்பதாலும்,

‘தொடர்ந்து’ பொய். அழித்தேன்.
நடுவில் ஒருமுறை பதினொரு வாக்கில் தோற்றார்.
மறுநாள் காலை ஐந்தரைக்கு
வழக்கம்போலப் பள்ளிப் பேருந்தைக் கிளப்பினார்.
தனக்கு வாக்களிக்காத வீடுகள் எவையென்று
அவருக்குத் தெரியும்.
அங்கெல்லாம் வண்டி அரை நிமிடம் அதிகம் நின்றது,
தூங்கிப்போன பிள்ளைகள் ஓடிவரட்டும் என்று.

கவுண்டியின் நிதிநிலையைச் சீராக்கினார் என்பதாலும்,

சீராக்கியது எது? முதியோர் இல்லத்தை விற்றது.
ஆதரவு ஒன்பது, எதிர்ப்பு எட்டு.
என் குறிப்பில் அவ்வளவுதான்.
எட்டுக் கைகள் சட்டென்று உயர்ந்தன.
ஒன்பதாவது கை
மேசை விளிம்பைப் பிடித்தபடி கிடந்தது,
ஜன்னலில் பனி தள்ளும் வண்டி ஒன்று
மஞ்சள் விளக்கோடு கடந்துபோகும் வரை.
பிறகு உயர்ந்தது.
தாமதத்தைக் குறிக்க என் படிவத்தில் கட்டமில்லை.

அந்த இல்லத்தில்தான் அவர் கணவர் ஸ்டான் இருந்தார்.
புதிய முதலாளிகள் இரவுத் தாதியரைப் பாதியாக்கினார்கள்.
லொரெய்ன் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை.
இரவுகளில் தானே போய் உட்கார்ந்தார்.
பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கும் தண்ணீர் கொடுத்தார்.
அவர்களில் ஒருத்தி மட்டும்
அவர் கையால் வாங்க மறுத்தாள் என்பார்கள்.

மூன்றாவது ‘என்பதாலும்’
ஹெம்லாக் சாலையின் மதகு.

பன்னிரண்டு வருடம்,
கூட்டம் முடிந்து எல்லோரும் கோட்டு மாட்டும் நேரத்தில்,
‘வேறு அலுவல் உண்டா?’ என்று தலைவர் கேட்டதும்
ஒரு குரல்: மதகு எண் முப்பத்தொன்று.
சிரிப்பார்கள்.
நானே முன்கூட்டி எழுதிவைத்த நாட்கள் உண்டு.
ஊதுகிற சங்கை ஊதிக்கொண்டிருந்தார்.
விடிந்ததென்னவோ வெள்ளத்தில்தான்.

மார்ச் மாதம். பனி உருகி, மேலே மழையும் கொட்டிய இரவு.
துருப்பிடித்த குழாய் பெயர்ந்து
சாலை வாயைப் பிளந்தபோது,
பள்ளத்துக்கு இருநூறு அடி முன்னால்
ஒரு காலிப் பேருந்து குறுக்கே நின்றது,
சிவப்பு விளக்குகள் மின்ன,
‘நில்’ பலகையை வெளியே நீட்டிக்கொண்டு.
பால் லாரிக்காரன் அதைப் பார்த்துதான் பிரேக்கை மிதித்தான்.
யாரும் சாகவில்லை.
ஆகவே செய்தித்தாளிலும் வரவில்லை.
பேருந்தை அனுமதியின்றி எடுத்ததற்குப்
பள்ளி நிர்வாகம் மெமோ கொடுத்தது.

அந்த மெமோவைத் தீர்மானத்தில் சேர்க்க முடியாது.
மேசையிலுள்ள பெயர்ப் பலகையில்
அவர் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருப்பதையும்,
மாற்ற பதினான்கு டாலர் ஆகும் என்றதும்
‘எனக்கு என் பெயர் தெரியும்’ என்று அவர் சொன்னதையும்
எந்த ‘என்பதாலும்’ தாங்கும்?

எனவே, புதிய மதகுக்கு
லொரெய்ன் கச்மாரெக் பெயர் சூட்டுவதென
இம்மன்றம் தீர்மானிக்கிறது.

வாக்கெடுப்பு.
ஆதரவு பதினாறு. எதிர்ப்பு ஒன்று.
அந்த ஒரு கை இம்முறை முதலிலேயே உயர்ந்துவிட்டது.
பெயர்ப் பலகை இருநூற்றுப் பத்து டாலர், என்றார்,
அந்தக் காசுக்கு இரண்டு டன் உப்பு வரும்.
தீர்மானம் நிறைவேறியது.
கைதட்டினோம். கேக் காய்ந்துதான் இருந்தது.

வேறு அலுவல் உண்டா?

மதகு எண் முப்பத்திரண்டு.

யாரும் சிரிக்கவில்லை.
சாலைத்துறைக் கண்காணிப்பாளர்
சட்டைப் பையைத் தடவினார், கோட்டைத் தடவினார்.
என் பேனாவைக் கொடுத்தேன்.
அதனால்தான் இந்தக் கூட்டத்தின் குறிப்பு
இங்கே, இந்த வரியில் நிற்கிறது.